எந்த எண்ணை அழுத்தினாலும் நகலெடுத்து அழிக்கும் மெனு: பேட்ச் கோப்பில் இஃப் எங்கே சறுக்குகிறது

உங்கள் சிக்கலை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் ஒரு பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து ஓட்டும் கோப்பு, எழுதியிருக்கிறீர்கள். 1 அழுத்தினால் படங்களை வேறொரு கோப்புறைக்கு நகலெடுக்க வேண்டும், 2 அழுத்தினால் தற்காலிகக் கோப்புகளை அழிக்க வேண்டும், 3 என்றால் வெளியேற வேண்டும். முதலில் எண்ணை அடித்து என்டர் தட்டியதும் கறுப்புச் சாளரம் பளிச்சென்று மூடிக்கொண்டது. ஒரு விசை தட்டும்வரை சாளரத்தை நிறுத்திவைக்கும் பாஸ் கட்டளை கடைசி வரியில் இருந்தும் நிற்கவில்லை. யாரோ மேற்கோள் குறி போடச் சொன்னார்கள். போட்டதும் சாளரம் மூடவில்லை. ஆனால் 1, 2, 3 எதை அழுத்தினாலும் நகலெடுக்கிறது, முடித்த கையோடு கோப்புகளையும் அழிக்கிறது.

வேறு எதையும் செய்வதற்கு முன்னால், அழிக்கும் வரியில் டெல் என்ற சொல்லுக்கு முன்னே எக்கோ என்று சேர்த்துவிடுங்கள். /க்யூ என்ற குறியையும் போட்டிருக்கிறீர்கள். கேட்காமலே அழி என்று அதற்குப் பொருள். டெல் அழித்த கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்கும் போகாது. எக்கோ முன்னால் இருந்தால் அந்த வரி திரையில் அச்சாகும், அவ்வளவுதான். சோதித்து முடிக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

கீழே கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். குறிகளையும் இடைவெளிகளையும் மட்டும் நான் எழுதியபடியே கவனியுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அடிக்கும் எண்ணைச் சேமித்துவைக்கும் மாறியின் பெயரைத் 'தேர்வு' என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கோப்பின் முதல் வடிவம் இதுதான்:

செட் /பி தேர்வு = எண்ணை அடிக்கவும்:
இஃப் %தேர்வு%==1 கோட்டூ நகல்
இஃப் %தேர்வு%==2 கோட்டூ அழிப்பு
இஃப் %தேர்வு%==3 கோட்டூ முடிவு
:நகல்

செட் /பி எண்ணைக் கேட்டு மாறியில் வைக்கும், இஃப் ஒப்பிடும், கோட்டூ பெயர் சொன்ன பகுதிக்குத் தாவும். ':நகல்' என்பது அப்படி ஒரு பகுதியின் பெயர். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. பைத்தான், ஜாவா எழுதிப் பழகிய கண்ணுக்குச் சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டிருப்பது அழகாகக்கூடத் தோன்றும். இங்கே அந்த அழகுதான் வினை.

பேட்ச் மொழியில் இப்படி ஒப்பிடும் இஃப் கட்டளை மாறியைப் பார்ப்பதே இல்லை. பள்ளித் தேர்வில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று ஒரு பகுதி வருமே, பேட்ச் கோப்பை ஓட்டும் சிஎம்டி என்ற நிரல் வேலை செய்வது அந்த முறையில்தான். ஒரு வரியை எடுக்கும். சதவீதக் குறிகளுக்கு நடுவே உள்ள பெயரைத் தூக்கிவிட்டு, அதன் மதிப்பை எழுத்துக்கு எழுத்து அந்த இடத்தில் ஒட்டும். ஒட்டி முடித்த பிறகுதான் வரி என்ன சொல்கிறது என்று படிக்கத் தொடங்கும். ஆகவே இஃப் தகராறு செய்தால் ஒரு தாளை எடுத்து, மதிப்பை ஒட்டிய பிறகு அந்த வரி எப்படி இருக்கும் என்று கையால் எழுதிப் பாருங்கள். பல ஆண்டுகளாக இதே வேலையாக இருக்கும் நானும் இன்றுவரை அப்படித்தான் பார்க்கிறேன்.

உங்கள் வரியை அப்படி எழுதிப் பார்ப்போம். 1 அடித்தீர்கள். ஆனால் செட் கட்டளை, சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது முழுவதையும் பெயராக எடுத்துக்கொள்ளும், இடைவெளி உட்பட. அதனால் 'தேர்வு' என்ற மாறி உருவாகவில்லை. 'தேர்வு' என்று எழுதி, பின்னால் ஓர் இடைவெளியும் சேர்ந்த வேறொரு மாறி உருவாகிவிட்டது. இஃப் வரியில் நீங்கள் கேட்பதோ இடைவெளி இல்லாத பெயரை. அப்படி ஒன்று இல்லை. இல்லாத மாறியின் இடத்தில் பேட்ச் கோப்பு வெறுமையை ஒட்டும்:

இஃப் ==1 கோட்டூ நகல்

ஒப்பிட இடப்பக்கம் ஒன்றுமில்லை. சமக்குறிகளைத் தாண்டி வந்த 1 இடப்பக்கச் சொல்லாகிறது. ஒப்பீட்டுக் குறி வர வேண்டிய இடத்தில் கோட்டூ நிற்கிறது. கோட்டூவை இந்த இடத்தில் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி வரும். பேட்ச் எழுதத் தொடங்கிய எல்லோரும் ஒருநாள் பார்த்தே தீரும் செய்தி அது. இப்படி வரியின் அமைப்பே தவறாகிவிட்டால் சிஎம்டி அடுத்த வரிக்குப் போவதில்லை, கோப்பையே அந்த இடத்தில் கைவிட்டுவிடும். பாஸ் கட்டளை கடைசியில் இருந்தும் பயன் இல்லாமல் போனது இதனால்தான். அது தன் முறைக்காகக் காத்திருந்தது, முறை வரவே இல்லை.

ஆகவே சோதிக்கும்போது கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தனியாகத் திறந்து, அந்தக் கோப்புறைக்குப் போய், கோப்பின் பெயரை அடித்து ஓட்டுங்கள். கோப்பு செத்தாலும் சாளரம் நிற்கும், கடைசியாக வந்த பிழைச்செய்தியும் கண்முன்னே இருக்கும். முதல் வரியில் உள்ள '@எக்கோ ஆஃப்' என்பதையும் தற்காலிகமாக நீக்கிவிடுங்கள். அப்போது ஒவ்வொரு வரியும் மதிப்பு ஒட்டப்பட்ட வடிவில் திரையில் ஓடும். நான் தாளில் எழுதச் சொன்னதைக் கணினியே எழுதிக் காட்டும்.

இடைவெளிதான் குற்றவாளி என்பதை நீங்களே பார்த்துவிடலாம். எண் கேட்கும் வரிக்கு அடுத்து இந்த ஒரு வரியைச் சேருங்கள்:

செட் தேர்வு

சமக்குறி இல்லாமல் செட் என்று எழுதினால், அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லா மாறிகளையும் மதிப்புடன் பட்டியலிடும். உங்களுக்கு 'தேர்வு =1' என்று வரும். சமக்குறிக்கு முன்னால் உள்ள அந்தச் சிறிய வெற்றிடத்தைப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், சதவீதக் குறிகளுக்குள்ளும் இடைவெளியோடு %தேர்வு % என்று எழுதினால் உங்கள் பழைய கோப்பும் ஓடும்! அப்படி ஓட்டிக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சரியான எழுத்து இது:

செட் /பி "தேர்வு=எண்ணை அடிக்கவும்: "

மேற்கோள் மாறியின் பெயருக்கு முன்னால் தொடங்கி, வரியின் கடைசியில் முடிகிறது. இப்படி மொத்தத்தையும் சுற்றிப் போட்டால் மேற்கோள் மதிப்புக்குள் சேராது. வரியின் வாலில் தெரியாமல் விழுந்த இடைவெளியும் உள்ளே வராது. செட் தேர்வு="1" என்று மதிப்பை மட்டும் சுற்றினால் கதை வேறு. அந்த இரண்டு மேற்கோள்களும் மதிப்பின் பகுதியாகிவிடும், பிறகு வெறும் 1 என்பதோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

இனி உங்கள் இரண்டாம் கட்டம். மேற்கோள் போடச் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார், நீங்கள் பாதி கேட்டீர்கள்:

இஃப் "%தேர்வு%"==1 கோட்டூ நகல்

மாறி இன்னும் வெறுமைதான். ஒட்டியபின் இடப்பக்கம் ஒன்றுமில்லாத இரண்டு மேற்கோள், வலப்பக்கம் 1. இப்போது இடப்பக்கத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதால் வரியின் அமைப்பில் பிழை இல்லை. அதனால்தான் சாளரம் மூடவில்லை. ஆனால் ஒப்பீடு பொய். இடைவெளிச் சிக்கலைத் தீர்த்து, 1 ஒழுங்காக வந்து சேர்ந்தாலும் இது பொய்யாகவே இருக்கும். பிற மொழிகளில் மேற்கோள் என்பது எழுத்துத் தொடரைச் சுற்றிய வேலி; மதிப்பு வேலிக்கு உள்ளே இருப்பது மட்டும். பேட்ச் கோப்பின் இஃபுக்கு மேற்கோளும் ஓர் எழுத்து. மூன்று எழுத்துள்ள "1" என்பதும் ஓரெழுத்து 1 என்பதும் அதற்கு இருவேறு சொற்கள். இடப்பக்கம் போட்டால் வலப்பக்கமும் போட வேண்டும்:

இஃப் "%தேர்வு%"=="1" கோட்டூ நகல்

இரட்டைச் சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விடுவது இங்கே குற்றமில்லை. செட் கட்டளையில்தான் குற்றம். மேற்கோளுக்கு உள்ளே விடும் இடைவெளியோ எப்போதும் கணக்கில் வரும். இந்த மூன்று விதியையும் ஒரே ஆள் எழுதியிருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆனாலும் மொழி இப்படித்தான்.

மூன்று ஒப்பீடும் பொய்யானால் ஏன் நகலெடுத்தது? இஃப் வரிகளுக்கு அடுத்து ':நகல்' என்ற லேபிள் நிற்கிறது. லேபிள் ஒரு வீட்டு எண் பலகை மாதிரி. கோட்டூ அதைத் தேடி வரும். மற்றபடி தெருவில் நடந்து வருபவரைப் பலகை தடுக்காது. இஃப் மூன்றும் கைவிட்டதும் ஓட்டம் அடுத்த வரிக்கு இறங்கியது, நகலெடுத்தது, அங்கேயும் 'மெனுவுக்குத் திரும்பு' என்று யாரும் சொல்லாததால் அப்படியே ':அழிப்பு' பகுதிக்குள் நுழைந்து அழித்தது. நீங்கள் 2 அழுத்தி அழித்ததாக நினைத்த சமயங்களிலும் இஃப் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே இஃப் வரிசைக்குக் கீழே கட்டாயம் ஒரு கோட்டூ, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கோட்டூ.

எல்லாவற்றையும் சேர்த்தால்:

@எக்கோ ஆஃப்
செட்லோக்கல்
:மெனு
எக்கோ 1. படங்களை நகலெடு
எக்கோ 2. தற்காலிகக் கோப்புகளை அழி
எக்கோ 3. வெளியேறு
செட் "தேர்வு="
செட் /பி "தேர்வு=எண்ணை அடிக்கவும்: "
இஃப் "%தேர்வு%"=="1" கோட்டூ நகல்
இஃப் "%தேர்வு%"=="2" கோட்டூ அழிப்பு
இஃப் "%தேர்வு%"=="3" கோட்டூ :இஓஎஃப்
எக்கோ 1, 2, 3 இவற்றில் ஒன்றை அடிக்கவும்.
கோட்டூ மெனு

:நகல்
(உங்கள் நகல் வரி)
கோட்டூ மெனு

:அழிப்பு
(எக்கோ சேர்த்த உங்கள் டெல் வரி)
கோட்டூ மெனு

இஓஎஃப் என்பது நாம் எழுதாமலே சிஎம்டி அறிந்த லேபிள், கோப்பின் முடிவு. முன்னால் உள்ள முக்காற்புள்ளி அவசியம்.

எண் கேட்பதற்கு முன்னால் மாறியைக் காலி செய்யும் வரி ஒன்று இருக்கிறதே, அதை வீண் என்று நீக்கிவிடாதீர்கள். செட் /பி கேட்கும்போது பயனர் ஒன்றும் அடிக்காமல் வெறும் என்டர் தட்டினால் மாறி காலியாகாது, பழைய மதிப்பே அப்படியே நிற்கும். சற்றுமுன் 2 அழுத்தி அழித்துவிட்டு மெனுவுக்குத் திரும்பியவர், யோசித்துக்கொண்டே ஒரு என்டர் தட்டினால் மறுபடி அழிக்கும். மேலே உள்ள செட்லோக்கல் இதற்கு மருந்தல்ல. கோப்புக்குள் உருவான மாறிகள் வெளியே கசியாமல் அது தடுக்கும். ஏற்கெனவே சாளரத்தில் இருக்கும் மாறி உள்ளே வருவதைத் தடுக்காது. 'சில நேரம் சரியாக ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்தக் காலி செய்யும் வரியைத்தான்.

மெனுவில் எண்ணுக்குப் பதில் எழுத்து வைத்தால், 'ஆம்' என்பதற்கு ஒய் என்று வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இஃபுக்கு வேறு வேறு. இஃப் /ஐ என்று எழுதினால் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்.

பெரிது, சிறிது என்று ஒப்பிட வேண்டி வரும்போது இன்னொரு குழி. கணிதக் குறியான > இங்கே ஒப்பீட்டுக் குறி அல்ல, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடும் குறி. ஒப்பிடுவதற்கு மூன்றெழுத்துச் சொற்கள் உண்டு: ஜிடிஆர் என்றால் பெரிது, எல்எஸ்எஸ் என்றால் சிறிது, ஈக்யூயூ என்றால் சமம். இரண்டு பக்கமும் சுத்தமான எண்ணாக இருந்தால் இவை எண்ணாக ஒப்பிடும், இல்லாவிட்டால் அகராதி வரிசையில் எழுத்தாக ஒப்பிடும். இப்போதுதான் மேற்கோள் போடப் பழகினீர்கள், இங்கே அந்தப் பழக்கமே கெடுக்கும். "10" எல்எஸ்எஸ் "9" என்பது உண்மை என்று வரும், ஏனென்றால் எழுத்து வரிசையில் 1 என்பது 9க்கு முன்னால். எண் ஒப்பீட்டுக்கு மேற்கோளை விட்டுவிடுங்கள். அதற்குமுன் மாறி வெறுமையா என்று 'இஃப் நாட் டிஃபைண்ட் தேர்வு கோட்டூ மெனு' என்று ஒரு வரியில் சோதித்துவிடுங்கள்.

எண் என்றதும் என் பழைய தலைவலி ஒன்று நினைவுக்கு வருகிறது. தெரிந்தவர் ஒருவரின் கடைக்கு மாதக் கணக்குக் கோப்புகளை அடுக்கிவைக்கும் பேட்ச் கோப்பு எழுதிக் கொடுத்தேன். மாதத்தை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் அடிக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூலை வரை ஒரு குறையும் இல்லை. ஆகஸ்டில் நின்றது. அவர் கணினியைத்தான் சந்தேகித்தார். நான் போய்ப் பார்ப்பதற்குள் செப்டம்பரும் கடந்து அக்டோபர் வந்துவிட்டது, கோப்பு தானாகவே குணமாகியிருந்தது! பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணைச் சிஎம்டி எட்டடிமான எண்ணாகப் படிக்கிறது. எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கம். 08, 09 அதற்கு எண்களே அல்ல. 10க்கு முன்னால் பூஜ்ஜியம் இல்லாததால் பிழைத்துக்கொண்டது. மெனுவில் 01, 02 என்று அழகுக்கு எண் போடுபவர்களுக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது: 010 ஈக்யூயூ 8 என்று கேட்டால் உண்மை என்கிறது, 08 ஈக்யூயூ 8 என்று கேட்டால் பொய் என்கிறது. மாதம் இரண்டு இலக்கம் என்று உறுதியாகத் தெரிந்தால், முன்னால் ஒரு 1 ஒட்டி 108 ஆக்கி, கணக்குப் போடும் செட் /ஏ கொண்டு 100 கழித்துவிடுவதே எளிய வழி.

பிறகு உங்கள் மெனுவை வளர்க்கும்போது, இஃபுக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி கேட்டு, அதன் விடையை அங்கேயே ஒப்பிடுவீர்கள். விடை எப்போதும் வெறுமையாகவோ பழையதாகவோ இருக்கும். மறுபடியும் கோடிட்ட இடம்தான். அடைப்புக்குறிக்குள் இருப்பது முழுவதையும் சிஎம்டி ஒரே வரியாகக் கருதி, உள்ளே எதையும் ஓட்டுவதற்கு முன்பே எல்லா இடங்களையும் நிரப்பிவிடுகிறது. கேள்வி கேட்பதற்கு முன்னரே விடையை ஒட்டினால் என்ன கிடைக்கும்? செட்லோக்கல் வரியில் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன் என்ற நீண்ட சொல்லைச் சேர்த்து, சதவீதக் குறிக்குப் பதில் வியப்புக்குறி போட்டு !தேர்வு! என்று எழுதினால் ஓடும் நேரத்தில் மதிப்பை எடுக்கும். பயனர் வேண்டாத குறிகளை அடித்தாலும் இந்த முறையில் இஃப் வரி உடையாது. தொடக்கத்தில் இதெல்லாம் வேண்டாம் என்றால் அடைப்புக்குறியைத் தவிர்த்து கோட்டூவோடு இருங்கள், குறைந்துபோய்விட மாட்டீர்கள்.

உண்மையில் ஒற்றை விசை மெனுவுக்கு நானாக இருந்தால் செட் /பி பக்கமே போக மாட்டேன். விண்டோஸ் விஸ்டா தொடங்கி எல்லாப் பதிப்பிலும் சாய்ஸ் என்ற கட்டளை உடன் வருகிறது:

சாய்ஸ் /சி 123 /என் /எம் "எண்ணை அழுத்தவும்: "
இஃப் எரர்லெவல் 3 கோட்டூ :இஓஎஃப்
இஃப் எரர்லெவல் 2 கோட்டூ அழிப்பு
இஃப் எரர்லெவல் 1 கோட்டூ நகல்

எரர்லெவல் என்பது, அழுத்திய விசை பட்டியலில் எத்தனையாவது என்று சாய்ஸ் விட்டுச்செல்லும் எண். என்டர் தட்ட வேண்டியதில்லை. 1, 2, 3 தவிர வேறு விசையை அழுத்தினால் ஒரு பீப் ஒலியோடு மறுத்துவிடும். வெற்று விடை, இடைவெளி, மேற்கோள் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: பெரிய எண் முதலில். 'இஃப் எரர்லெவல் 1' என்பதற்கு 'ஒன்றோ அதற்கு மேலோ' என்று பொருள். 1 முதலில் இருந்தால் எதை அழுத்தினாலும் நகல்தான் நடக்கும், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். இன்னொன்று, உங்கள் கோப்புக்குச் சாய்ஸ் என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். ஒரு கட்டளையைச் சிஎம்டி முதலில் தேடுவது அப்போது தான் நிற்கும் கோப்புறையில்தான்; உங்கள் கோப்பு தன்னைத்தானே அழைத்துக்கொண்டு சுற்றும்.

மாற்றிய பிறகு ஆறு விதமாக ஓட்டிப் பாருங்கள்: 1, 2, 3, வெறும் என்டர், முன்னால் ஓர் இடைவெளி விட்டு 1, பிறகு சம்பந்தமில்லாத ஏதாவது ஓர் எழுத்து. கடைசி மூன்றுக்கும் 'ஒன்றை அடிக்கவும்' என்ற வரியும் மெனுவும் திரும்ப வர வேண்டும். 2 அழுத்தியபோது மட்டும், ஒரே ஒரு முறை, டெல் வரி திரையில் அச்சாக வேண்டும். அதில் தெரியும் கோப்புறை நீங்கள் அழிக்க நினைத்த கோப்புறைதானா என்று ஒருமுறை வாசித்துவிட்டு, முன்னால் வைத்த எக்கோவை எடுத்துவிடலாம்.